ஓர் அருவி, மூன்று திட்டு, கலை பிடித்த துடுப்பு

சனிக்கிழமை, காலை 4.40

செம்மண்டலத்தில் என் தையல் கடை வாசலில் வாசுகியின் ஓம்னி வந்து நின்றது. நாலரைக்கு வருகிறேன் என்று சொன்னவள் பத்து நிமிஷம்தான் தாமதம். வாசுகியைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சாதனை என்று தெரியும். திருப்பாதிரிப்புலியூரில் அவள் சாப்பாட்டு மெஸ் நடத்துகிறாள். அந்த ஓம்னி வாரத்தில் ஆறு நாள் அண்டாவும் காய்கறியும் ஏற்றும் வண்டி. எங்களுக்காகப் பின்சீட்டைத் தேடி எடுத்து நட்டு போட்டு முடுக்கியிருந்தாள். எவ்வளவு கழுவியும் சாம்பார் வாசனை போகவில்லை.

போன மாதம் எங்களோடு கல்லூரியில் படித்த ஒருத்தி தாய்லாந்து போய் வந்தாள். தீவு தீவாகத் தாவினாளாம், அருவியில் குளித்தாளாம். வகுப்பு வாட்ஸப் குழுவில் அறுபத்திரண்டு படம் போட்டுவிட்டு, "உங்க கடலூர்ல என்னடி இருக்கு? ஜெயிலும் புயலும்தானே" என்று ஒரு வரியும் எழுதினாள். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், என் ஊரைச் சொன்னால் எனக்குப் பொறுக்காது. ரெண்டு நாள், மூன்று பேர், ஆளுக்கு ரெண்டாயிரம் ரூபாய்க்குள் தீவும் பார்க்கிறோம், அருவியும் பார்க்கிறோம் என்று அங்கேயே அறிவித்துவிட்டேன். அறிவித்த பிறகுதான் எங்கள் மாவட்டத்தில் அருவி இல்லை என்பது ஞாபகம் வந்தது. இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, கல்வராயன் மலை பக்கத்து மாவட்டம்தானே. எல்லாம் பழைய நடுநாடு. நான் எங்கள் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டேன்.

மூன்றாவது ஆள் கலைச்செல்வி. கிள்ளைக்குப் பக்கத்து மீனவக் கிராமத்துக்காரி. வெள்ளிக்கிழமை சாயங்காலமே பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் ஒரு கல்யாண ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தபோது, எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு விஷயம் சொன்னாள். அவளுடைய மகளிர் குழு உப்பங்கழியில் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குப் படகு விடப் போகிறதாம். துடுப்புப் போடப் பெண்களையே எடுக்கிறார்கள். இவளும் பேர் கொடுத்திருக்கிறாள். வருகிற புதன்கிழமை சோதனை. ஆட்களை ஏற்றிக்கொண்டு வாய்க்காலின் அந்தக் கரைக்குத் தனியாகத் துடுப்புப் போட்டுப் போய்த் திரும்பி வர வேண்டும்.

"நல்ல விஷயம்தானடி, உனக்கு இன்னா, போட்டுக்காரர் பொண்ணு" என்றேன்.

"நான் இதுவரைக்கும் போட்ல போனதே இல்ல சுமதி."

என் கையில் ஊசி நின்றுவிட்டது. அவர்கள் வீட்டில் பெண்கள் படகில் ஏறுவதில்லை, அதைத் தொடுவதுகூட இல்லை. ஆறு வயதில் ஒருநாள் விடியற்காலை, தெரியாமல் அப்பாவின் படகில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். "அவுரு அடிக்கல, திட்டல. தூக்கி எறக்கி வுட்டாரு. அன்னிக்கு கடலுக்கு போவல, அவ்ளோதான். அன்னிக்கு எங்க வீட்ல ஒல வெக்கல. அதுக்கப்பறம் நான் போட்டு நெழலக்கூட மிதிச்சதில்ல." அப்பாவுக்கு இந்தப் படகு வேலை தெரியாது, எப்படிச் சொல்வதென்றும் தெரியவில்லை. சோதனைக்கு முன்னால் ஒரு தடவை படகில் ஏறிப் பார்க்க வேண்டும், ஏற முடிகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பயணத்துக்கே வந்திருக்கிறாள்.

"வாசுகிகிட்ட சொல்லாத" என்றாள். வாசுகியிடம் ஒன்றைச் சொல்வதும் மைக் வைத்துச் சொல்வதும் ஒன்று. நான் சொல்லவில்லை.

காலை 9.15

பண்ருட்டி முந்திரித் தோப்புகளைத் தாண்டும்போது விடிந்தது. உளுந்தூர்பேட்டையில் பொங்கல் வடை, மூன்று பேருக்கும் நூற்றைம்பது ரூபாய். வாசுகி சாம்பாரை நக்கிப் பார்த்து, "பருப்பு கம்மி, தண்ணி ஜாஸ்தி" என்று தீர்ப்புச் சொன்னாள். கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம், கோமுகி அணை. அதற்கப்புறம் மலை. ஓம்னி இரண்டாவது கியரில் முனகிக்கொண்டே ஏறியது. வளைவுகளில் வாசுகி ஹாரன் அடித்த அடியில் குரங்குகளே ஒதுங்கின. அருவிக்கு முன்னால் வண்டி நின்றபோது மீட்டர் நூற்று முப்பத்திரண்டு கிலோமீட்டர் காட்டியது.

பெரியார் அருவி சாலையோரத்திலேயே இருக்கிறது, நடந்து சாக வேண்டாம். குற்றாலம் மாதிரி முதுகில் அறையாது. பாறைப் படிகளில் இறங்கி இறங்கி வந்து தோளில் விழும். தை மாதம் என்பதால் தண்ணீர் தாராளமாக இருந்தது, பல் கிட்டிக்கும் குளிர். நான் ஐந்து நிமிஷத்தில் வெளியே ஓடிவந்தேன். வாசுகி ஒரு காலை மட்டும் நனைத்துவிட்டு நாற்பது படம் எடுத்தாள். கலை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தண்ணீருக்கு அடியில் அசையாமல் நின்றாள். அவளுக்குத் தண்ணீர் பயமில்லை. அது எனக்குத் தெரிந்ததே. படகுதான்.

அவித்த மரவள்ளிக்கிழங்கு விற்ற அம்மாவிடம் இருபது ரூபாய்க்கு வாங்கினோம். பச்சை மிளகாயும் உப்பும் இடித்துத் தொட்டுக்கொள்ளக் கொடுத்தார்.

"எந்தூரும்மா?"

"கடலூரு."

"அங்கதான் அம்மாம் பெரிய கடலே இருக்குதே, தண்ணியப் பாக்கவா இம்மாம் தூரம் வந்தீங்க?"

"அதுல சோப்பு நுரைக்காதும்மா" என்றேன். அந்த அம்மா சிரித்த சிரிப்பில் கிழங்கு இரண்டு கூடுதலாக விழுந்தது. எங்கள் ஊர்க்காரி வாய்க்கு எங்கே போனாலும் மரியாதை உண்டு.

மாலை 6.00

வேப்பூர், விருத்தாசலம், சேத்தியாத்தோப்பு வழியாகச் சிதம்பரம் வந்து சேர்ந்தோம். வேப்பூர் கூட்டுரோட்டில் வாசுகி துப்பட்டாவை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள். அவள் பிறந்த ஊர் திட்டக்குடி. சொந்தக்காரர் யாராவது பார்த்தால் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கோழி அடித்துவிடுவார்கள், பயணம் அங்கேயே முடிந்துவிடும் என்று பயம்.

கீழ வீதிப் பக்கம் ஒரு லாட்ஜில் மூன்று பேருக்கு ஓர் அறை, ஆயிரத்து நூறு. மேனேஜர், "லேடீஸ் மட்டுந்தானா? கூட யாரும் வரலியா?" என்று கேட்டார். "நாங்க மூணு பேரு வந்திருக்கமே, தெரியலியா சார்?" என்றாள் வாசுகி. அவர் சாவியை எடுத்துக் கொடுத்தார். இட்லிக்குக் கத்திரிக்காய் கொத்சு ஊற்றிச் சாப்பிட்டோம். தாய்லாந்தில் கொத்சு கிடைக்குமா என்று யாராவது கேட்டுச் சொல்லுங்கள்.

ஞாயிறு, காலை 7.30

சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகப் பிச்சாவரம் பதினைந்து கிலோமீட்டர். டிக்கெட் எடுத்து ஏறும் படகுத்துறைக்கு நாங்கள் போகவில்லை. அங்கே துடுப்பை நம் கையில் தர மாட்டார்கள். அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே ஒரு சின்னத் துறை இருக்கிறது. அங்கே நண்டு பிடிக்கும் வேலு அண்ணனின் தோணி நின்றது. கலையின் குழுத் தலைவி சொல்லி வைத்திருந்தார். மூன்று மணி நேரத்துக்கு ஆயிரம் ரூபாய், மூன்று லைஃப் ஜாக்கெட்டும் சேர்த்து. வனத்துறை போகக்கூடாது என்று சொன்ன பக்கம் போக மாட்டேன் என்று முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்.

நான் ஏறினேன். வாசுகி "ஐயோ ஆடுது, ஐயோ சாயுது" என்று கத்திக்கொண்டே ஏறினாள். கலை கரையில் நின்றாள். செருப்பைக் கழற்றினாள். புடவையைச் சொருகினாள். மறுபடியும் நின்றாள். கழுத்தில் வியர்வை ஓடியது.

"இன்னாடி, மீன்காரர் வீட்டுப் பொண்ணு தண்ணியப் பாத்து பயப்படுறா!" என்று வாசுகி கேலி செய்தாள். எனக்கு அவளைத் தண்ணீரில் தள்ளலாம் போல இருந்தது.

வேலு அண்ணன் தோணியைக் கரையோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். கலை ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தாள். பிறகு மற்றொரு கால். சட்டென்று உட்கார்ந்து இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெயிலைச் சாக்குச் சொல்லித் துடைத்தேன்.

அண்ணன் துடுப்பை அவள் மடியில் வைத்தார். "சும்மா வெச்சிக்க, பழக்கப்படட்டும்." வாசுகி உடனே போனை எடுத்து ஒரு படம் பிடித்தாள், எதையோ தட்டினாள். நான் அதைக் கவனித்தேன். ஆனால் அப்போது அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

காலை 8.20

சுரபுன்னை மரங்கள் இரண்டு பக்கமும் வேரைத் தண்ணீரில் ஊன்றிக்கொண்டு நிற்கின்றன. மேலே கிளைகள் கோத்துக்கொள்கின்றன. நடுவில் தோணி போகிற அளவுக்குத்தான் வழி. வெயில் இலை வழியாகச் சில்லறை சில்லறையாக விழுந்தது. இந்த மரக்கூட்டங்களைத் திட்டு என்கிறார்கள். எத்தனை திட்டு என்று அண்ணனைக் கேட்டேன். "எண்ணுறவன் எண்ணட்டும், எனக்கு நண்டு இருக்கிற திட்டு தெரியும்" என்றார். முதல் திட்டில் கொக்கும் நாரையும் எங்களைப் பார்த்துவிட்டு, பெரிய ஆள் இல்லை என்று முடிவு செய்து அப்படியே நின்றன. கழுத்தளவு தண்ணீரில் இரண்டு பெண்கள் கையால் இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். கலை அவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

அதற்கப்புறம் அவள் துடுப்புப் போடத் தொடங்கினாள். முதல் பத்து நிமிஷம் தோணி வட்டமடித்தது. இரண்டு தடவை வேருக்குள் போய் முட்டியது. வாசுகியின் தலையில் ஒரு கிளை, என் மடியில் ஒரு நண்டுக்குஞ்சு. கலைக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் மேல் இல்லை, துடுப்பின் மேல். "ஏன் இந்தப் பக்கமே போவுது சனியன்!" என்று அழுகிற குரலில் கத்தினாள். அண்ணன் ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சும்மா இருந்தார். கொஞ்ச நேரத்தில் அவளே கண்டுபிடித்தாள். வலிப்பது கையால் இல்லை, இடுப்பால். தோணி நேராகப் போனது. நேராகப் போனது என்று நான் சாதாரணமாக எழுதிவிட்டேன். அந்த நிமிஷத்தில் நாங்கள் மூன்று பேரும் போட்ட கூச்சலில் நாரைகள் எழுந்து பறந்தே போய்விட்டன.

காலை 9.40

இரண்டாவது திட்டு மணல் திட்டு. இந்தப் பக்கம் உப்பங்கழி, அசையாத தண்ணீர். முப்பது அடி நடந்தால் அந்தப் பக்கம் வங்கக் கடல், அலை அடிக்கிறது. சுத்தமான மணல், எங்கள் காலடியைத் தவிர நண்டுக் காலடி மட்டும். அறுபத்திரண்டு படம் போட்டவளுக்கு இந்த ஒரு படம் போதும் என்று நினைத்தேன். போனைப் பார்த்தால் டவர் இல்லை.

வாசுகி கட்டிக்கொண்டு வந்த புளிசாதத்தையும் உருளைக்கிழங்கு வறுவலையும் பிரித்தோம். அண்ணனுக்கும் ஒரு பொட்டலம். கலையின் இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம். அவள் அதைப் பார்த்துக்கொண்டே, தானாகவே, வாசுகியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். புதன்கிழமை, குழு, ஆறு வயதில் அப்பா கடலுக்குப் போகாத நாள், எல்லாம். "எங்கப்பாவுக்கு நானே நேர்ல சொல்லணும் வாசுகி. வேற யாரும் சொல்லித் தெரியக் கூடாது. அவுரு அந்த நாள மறந்திருக்க மாட்டாரு."

வாசுகி சாப்பிடுவதை நிறுத்தினாள்.

"ஐயோ. நான் ஸ்டேட்டஸ் வெச்சிட்டன்டி."

எங்களுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. வாசுகியின் மெஸ்ஸுக்கு வாரத்தில் மூன்று நாள் மீன் கலையின் அப்பாதான் பஸ்ஸில் போட்டு அனுப்புகிறார். அவர் போனில் இவள் நம்பர் இருக்கிறது. கடலிலிருந்து வந்து வலையைத் தட்டிவிட்டு டீ குடிக்கும்போது, அவர் ஒருத்தர் விடாமல் எல்லோருடைய ஸ்டேட்டஸையும் பார்ப்பார். துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு தோணியில் உட்கார்ந்திருக்கும் மகள். கீழே வாசுகி எழுதியிருந்தது: "எங்க கேப்டன்."

"அழிடி, அழி!" என்று கத்தினேன்.

"டவரே இல்லியே!" வாசுகி போனைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு மணலில் ஓடினாள். கடலுக்குள் முழங்கால் வரை இறங்கிக்கூடப் பார்த்தாள். பாவம், அவளைத் திட்டவும் மனசு வரவில்லை. அவள் கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது.

கலை அழவில்லை. கையைக் கழுவினாள். "வாங்க, போவலாம்" என்றாள்.

காலை 10.30

மூன்றாவது திட்டில் இறங்கவில்லை. சுற்றிக்கொண்டு வந்தோம், அவ்வளவுதான். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்வேன், யார் கேட்பது? தண்ணீர் வற்றத் தொடங்கியிருந்தது. வாய்க்காலின் இழுப்பு எங்களுக்கு எதிராக இருந்தது. அண்ணன் கையை நீட்டினார். "குடும்மா, நான் போடறன். தண்ணி இழுக்குது."

"வேணாண்ணே. புதங்கெழமையும் தண்ணி இழுக்கும்."

அண்ணன் மூங்கில் கழியை மட்டும் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். தேவைப்பட்டால் ஊன்ற. தேவைப்படவில்லை. கலை வலித்தாள். மூச்சு இரைத்தது. கொப்புளம் ஒன்று உடைந்து துடுப்பில் ஈரம் தெரிந்தது. நான் என் கைக்குட்டையைச் சுற்றிவிட்டேன். அவள் வலிப்பதை நிறுத்தவில்லை.

துறை கண்ணில் படுவதற்கு முன்னால் வாசுகியின் போனுக்கு உயிர் வந்தது. அவள் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் என்னிடம் காட்டினாள். ஸ்டேட்டஸைப் பார்த்தவர்கள் பட்டியலில் 'கலை அப்பா மீன்', நேரம் 7.58. அடுத்த நொடியே கலையின் பையிலிருந்து போன் விடாமல் சத்தம் போட்டது. அப்பாவிடமிருந்து பதினோரு தவறிய அழைப்பு.

"எடுக்கட்டுமா?" என்றேன்.

"கரைக்குப் போய்ச் சேரட்டும். நடுவுல வுட்டா தோணி திரும்பிக்கும்."

காலை 11.25

துறையில் ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் நின்றது. பக்கத்தில் லுங்கியும் துண்டுமாகக் கலையின் அப்பா. நான் அவரை நான்கைந்து தடவை பார்த்திருக்கிறேன், சிரித்த முகம்தான். இன்றைக்குச் சிரிக்கவில்லை. நான் வாய் திறந்து, "மாமா, எல்லாம் எங்க வேலைதான்" என்று ஆரம்பித்தேன். என் குரல் அவர் வரைக்கும் போனதா தெரியவில்லை.

கலை ஒருதடவை நிமிர்ந்து பார்த்தாள். துடுப்பு அவள் கையில் நின்றுபோனது. தோணியின் தலை மெதுவாகத் திரும்பத் தொடங்கியது. அண்ணன் கழியைத் தொட்டார். அதற்குள் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பக்கம் அழுத்தி வலித்து, தோணியை மறுபடியும் கரைக்கு நேராகக் கொண்டுவந்தாள்.

அவர்கள் ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது. கடலிலிருந்து படகு வரும்போது கரையில் நிற்கிறவர் யாராக இருந்தாலும் தண்ணீரில் இறங்கிப் போய் அதன் தலையைப் பிடிப்பார். யாருடைய படகு, சண்டைக்காரன் படகா, சொந்தக்காரன் படகா என்று பார்க்கமாட்டார். எனக்கு இது வேலு அண்ணன் பிறகு சொல்லித்தான் தெரியும். அந்த நேரத்தில் நான் பார்த்தது இதுதான்: கலையின் அப்பா துண்டை எடுத்துத் தலையில் கட்டினார். லுங்கியை மடித்தார். சேற்றில் முழங்கால் வரை இறங்கி, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார்.

"கயித்தப் போடு" என்றார்.

கலை கயிற்றை எடுத்தாள். முதல் தடவை எறிந்தது தண்ணீரில் விழுந்தது. இழுத்து மறுபடியும் எறிந்தாள். அவர் பிடித்தார். பிடித்து, தோணியின் தலையைக் கையால் அணைத்துக் கரையில் ஏற்றினார். கலை இறங்கினாள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். வாசுகி என் கையை நசுக்கிக்கொண்டிருந்தாள்.

"தண்ணி வத்துற நேரம். வாய்க்கால்ல தட்டி நின்னுட்டா சாயங்காலம் வரைக்கும் அங்கேயே நிக்கணும். அதச் சொல்லத்தான் போன் போட்டன். எடுக்கலன்னதும் ஒங்க குழுத் தலைவிய கேட்டுட்டு இங்க வந்தன்" என்றார் அவர்.

"டவரு இல்லப்பா."

"ம்."

அவர் அவள் கையைப் பிடித்து என் கைக்குட்டையைப் பிரித்தார். உள்ளங்கையைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். எனக்கு அந்த முகத்தை எழுதத் தெரியவில்லை. கோபம் இல்லை, அதை மட்டும் சொல்ல முடியும்.

"தேங்காயெண்ண தடவு. உப்புத் தண்ணியில கைய வெக்காத" என்றார். "புதங்கெழமைக்குள்ள ஆறிடணும்."